மரநாய் விற்க வந்த குரல்

ஆறு ஒன்று நடுவே ஓடிய ஒரு காட்டில், செம்பி என்னும் செந்நிற மலையணில் வாழ்ந்து வந்தது. அதன் தங்கை மின்னி அக்கரையில் இருந்தது.

முன்பெல்லாம் ஆற்றின் மேல் சாய்ந்து நின்ற ஒரு மருத மரத்தின் வழியே இருவரும் போய் வருவார்கள். ஒரு புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்து வெள்ளத்தில் போய்விட்டது. செம்பிக்கு நீந்தத் தெரியாது. நாள்தோறும் கரையோரக் கிளையில் உட்கார்ந்து அக்கரையையே பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டால், குரலை ஆற்றின் இரைச்சல் விழுங்கிவிடும்.

இதைக் கவனித்த மரநாய் ஒன்று, ஒரு வெள்ளைச் சங்கைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"தாயே, இதில் காதை வைத்துப் பார். அக்கரையில் இருப்பவர் குரல் கேட்கும்."

செம்பி காதை வைத்தது. "ஓ..." என்று எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. அதன் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மின்னியின் குரல் போலவே இருக்கிறதே!"

"போலவா? அவளேதான்! உன் பொந்தில் இருக்கும் கொட்டைகள் அத்தனையும் கொடு, சங்கு உனக்கு."

"மழைக்காலம் வருகிறதே. நான் எதைத் தின்பேன்?"

"உன் விருப்பம். இதை வாங்க வேறு ஆள் இல்லாமலா போகும்? நான் கிளம்புகிறேன்."

"போகாதே! இதோ கொண்டு வருகிறேன்" என்று செம்பி பொந்துக்குள் ஓடியது.

கொட்டைகளை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து மரத்து மந்தி கிளை தாவி வந்து சங்கில் காதை வைத்தது. வைத்ததுமே தேம்பத் தொடங்கியது.

"என் பிள்ளை! சிறுத்தை தூக்கிப்போன என் பிள்ளை கூப்பிடுகிறான்! ஐயா, இதை எனக்குக் கொடு. என் பலா மரத்தையே எடுத்துக்கொள்!"

மரநாய்க்கு வாயெல்லாம் பல். "அணிலம்மா, மந்தி அதிகம் தருகிறாள். நீ இன்னும் என்ன தருவாய்?"

தன் படுக்கைப் பஞ்சையும் தருகிறேன் என்று சொல்லச் செம்பி வாயெடுத்தது. ஆனால் மந்தியின் கண்ணீரைப் பார்த்ததும் அதன் பக்கம் திரும்பியது.

"மந்தியக்கா, உன் பிள்ளை என்ன சொல்கிறான்?"

"ஓ... என்கிறான்."

"என் தங்கையும் ஓ என்றுதான் சொன்னாள்" என்றது செம்பி. பிறகு மரநாயைப் பார்த்தது. "மின்னி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அவள் வைத்த செல்லப்பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சங்கு சொல்லட்டும். அப்போதே வாங்கிக்கொள்கிறேன்."

"இவ்வளவு தூரத்திலிருந்து பெயரெல்லாம் தெளிவாகக் கேட்குமா?" என்று மழுப்பியது மரநாய்.

கொட்டைகளோடு ஒரு காய்ந்த விளாம்பழ ஓடும் வெளியே வந்து விழுந்திருந்தது. செம்பி அதை எடுத்துத் தன் காதில் வைத்தது.

"ஓ..."

அந்த விளாம்பழ ஓட்டை மந்தியிடம் நீட்டியது. மந்தியும் கேட்டது. அதன் அழுகை மெல்ல அடங்கியது. மரநாய் சங்கைக் கவ்விக்கொண்டு மரத்தை விட்டு இறங்கி ஓடிப்போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்தி சொன்னது: "ஆனாலும் அது என் பிள்ளையின் குரல் போலத்தான் இருந்தது, செம்பி."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது, அக்கா."

இருவருமாகக் கொட்டைகளை மறுபடி பொந்துக்குள் எடுத்து வைத்தார்கள்.

அந்த ஆண்டு மழை விடாமல் கொட்டியது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் எத்தனையோ அணில்கள் மடிந்தன. செம்பி கொட்டைகளைக் கொறித்து உயிர் பிழைத்தது.

மழை ஓய்ந்த காலையில், இளைத்த உடம்போடு அது கரைக்கு வந்தது. ஆறு முன்னைவிட அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரை இலைகளுக்கு நடுவே செந்நிறமாக ஏதோ ஒன்று தெரிந்தது. செம்பி வாலை உயர்த்தி ஆட்டியது.

அங்கேயும் ஒரு வால் உயர்ந்தது; ஆடியது.

நீதி: மனம் எதற்கு மிகவும் ஏங்குகிறதோ, அதை வாங்கும்போதுதான் மிகவும் சோதித்துப் பார்க்க வேண்டும்.