பத்தாம் கட்டத்துப் புள்ளி

ஒன்பதாம் கட்டத்தில் வைக்க வேண்டிய புள்ளியைப் பத்தாம் கட்டத்தில் வைத்துவிட்டேன். கிடார் என் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

கிடார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் கழுத்துப் பலகையில் குறுக்கே உலோகக் கீற்றுகள் பதித்திருக்கும். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவில் இருப்பது கட்டம். விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிய, சிப்பியில் வெட்டிய வெள்ளைப் புள்ளி பதிப்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. சிலர் புள்ளியே வைப்பதில்லை. அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் ஜெனோவா மேஸ்திரியின் கிடார் பட்டறையில் நான் மாணவன். எனக்கு அறுபத்தேழு வயது. மேஸ்திரிக்கு நாற்பத்தொன்று, பெண்பிள்ளை வேறு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினேன். கூண்டில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். ஓய்வு பெற்றுக் கீழே இறங்கியபோது பேச்சு விட்டுப்போயிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். வீட்டில் நான் இருமினால் உண்டு, இல்லாவிட்டால் சத்தமே இல்லை. பட்டறையில் மரம் அறுக்கும் வாள் சத்தமாவது கேட்கும் என்று போனேன்.

"எதுக்கு வந்தீய இஞ்ஞாசி அண்ணாச்சி?" என்றார் மேஸ்திரி.

"கிடார் செய்யப் படிக்க."

"வாசிப்பீயளா?"

"மாண்டலின் வாசிச்சேன். விட்டுட்டேன்."

"ஏன்?"

சுவரில் தொங்கிய கிடார்களைப் பார்த்தேன். அவர் ஒரு உப்புத்தாளைக் கையில் கொடுத்துப் பலகையைக் காட்டினார். மூன்று மாதம் தேய்த்தேன்.

மாண்டலினை விட்ட கதை சின்னது. நானும் என் தம்பி பர்னபாஸும் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். நான் மாண்டலின், அவன் கிடார். அவன் கிடாரில் புள்ளி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். ஒரு திருவிழாவில் நடுப்பாட்டில் சுருதி இடித்தது. நான் நிறுத்தினேன். "கண்ணத் தொறந்து கையப் பாத்து வாசிலே" என்றேன். முன்னால் மைக் இருந்தது. ஊரே சிரித்தது. அவன் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலை வீட்டில் அந்த இடத்தை வாசித்துப் பார்த்தேன். இடித்தது என் விரல்.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் குடும்பத்தோடு மணப்பாடு ஊருக்குப் போய்விட்டான். பதினொரு வருஷம்.

பட்டறையில் சேர்ந்த மறு வருஷம், பங்குனியில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஷெர்லின். பர்னபாஸின் மகள்.

"பெரியப்பா, இங்கயா இருக்கீய?"

"ம்."

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூணு மாசமாச்சு. தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பீயளா?"

நான் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"கை அசையுது மேடம். ஆனா இடது கையில உணர்ச்சி இல்ல. கண்ண மூடுனா கை எங்க இருக்குன்னே தெரியலங்காரு. வாசிச்சுப் பழகுனா கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்னு டாக்டர் சொல்லுதாரு. பழைய கிடார எடுத்துப் பாத்தாரு. முடியல. கோவத்துல சுவத்துல அடிச்சிட்டாரு."

"புள்ளி வச்சு ஒண்ணு செஞ்சு தாரோம்."

"வச்சா தொடுவாரான்னு தெரியல. புள்ளியப் பாத்து வாசிக்கிறவனெல்லாம் ஒரு வாசிப்புக்காரனான்னு கேலி பேசுனவரு. அதுலயும், கையப் பாத்து வாசின்னு ஊர் முன்னால ஒருத்தர் சொன்னதுக்கு அப்புறம்..."

அந்த ஒருத்தர் நான்தான். உப்புத்தாளை மாற்றினேன்.

"இன்னொண்ணு மேடம். பெரியப்பா இதுல கை வச்சாருன்னு அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா இதுவும் சுவத்துக்குத்தான்."

"செஞ்சவங்க பேர கிடாருக்கு உள்ள ஒட்டுற சீட்டுல பென்சில்ல எழுதுறது இங்க வழக்கம்" என்றார் மேஸ்திரி. "ரிப்பேர் பாத்தவங்களும் எழுதுவோம்."

"இதுல எழுதாதீய."

"சரி. எழுதல."

அவள் போனதும் மேஸ்திரி கருங்காலிக் கழுத்துப் பலகை ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"இது உங்க வேல."

"நானா?"

"பின்ன, எனக்கா தம்பி?"

இரண்டு நாள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். புள்ளி வைத்தால் அவமானம் என்பான். வைக்காவிட்டால் வாசிக்க முடியாது. மூன்றாம் நாள் கேட்டேன்.

"மேஸ்திரி, புள்ளி வைக்கவா, வேண்டாமா?"

"இடது கையத் தொடைக்கு அடியில வைங்க."

"என்னத்துக்கு?"

"வைங்க அண்ணாச்சி. மேல உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரம். முதலில் வலித்தது. பிறகு வலி நின்றது. பிறகு கையே இல்லை.

திரும்பி வந்தவர் புள்ளியில்லாத கிடார் ஒன்றை என் மடியில் வைத்தார்.

"ஏழாவது கட்டத்தப் பிடிங்க."

கையைத் தூக்கி வைத்தேன். யாரோ ஒருவருடைய கை. விரல் மரத்தில் படுகிறதா கம்பியில் படுகிறதா, ஒன்றும் தெரியவில்லை.

"எங்க இருக்கீய?"

"தெரியல."

"பாருங்க."

பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை கறுப்பு. அமாவாசையில் கூண்டிலிருந்து கடலைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

"பாத்தாலும் தெரியல."

"அப்ப யாரக் கேப்பீய?"

கையில் முள் குத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் என் கை எனக்குத் திரும்பிவிட்டது. அவனுக்கு மூன்று மாதமாகத் திரும்பவில்லை.

"ஓரத்துல மட்டும் வைக்கவா?" என்றேன். "வாசிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது."

"ஓரப் புள்ளி கடுகு அளவு. அவரு வயசென்ன?"

"அறுபத்திமூணு."

"அவரு கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஊருக்குப் பயந்து எத்தன வருஷமாச்சு?"

"பதினொண்ணு."

"நான் தம்பியப் பத்திக் கேட்டேன். நீங்க உங்களச் சொல்லுதீய" என்றார் மேஸ்திரி. கிடாரை எடுத்து மாட்டிவிட்டுப் போனார்.

புள்ளி வைத்தேன். சிப்பியை வட்டமாக வெட்டி, பலகையில் துளையிட்டு, பசை வைத்து அழுத்தி, மட்டமாகத் தேய்த்தேன். ஒரே நாளில் முடித்தேன். பென்சிலால் அடையாளம்கூடப் போடவில்லை. கை தானாகப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மேஸ்திரி வந்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். நாலாவது புள்ளியில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். திரும்பவும் புள்ளியைப் பார்த்தார்.

"எண்ணெய் தடவுங்க" என்றார்.

வைகாசியில் ஷெர்லின் வந்து கிடாரை எடுத்துப் போனாள். உள்ளே சீட்டு வெறுமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சுவரில் இன்னொரு கிடாரை மாட்டும்போது சும்மா எண்ணினேன். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. மாட்டியதை இறக்கித் திரும்பவும் எண்ணினேன்.

மாண்டலினில்தான் ஒன்பதில் வைக்க மாட்டார்கள். பத்தில் வைப்பார்கள். முப்பது வருஷம் பத்தாம் கட்டத்துப் புள்ளியைப் பார்த்த கை, கிடாரிலும் பத்தில் வைத்துவிட்டது.

"மேஸ்திரி, நீங்க பாத்தீயளா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"பேர எழுத வேண்டாம்னு உங்க தம்பி மவ சொன்னா. நான் எழுதல."

"அவன் அந்தப் புள்ளிய நம்பி விரல வச்சா எல்லாம் தப்பாப் போகும்."

"போகும்."

"உணர்ச்சி இல்லாத கையி. அதுக்கு நான் தப்பா வழி காட்டியிருக்கேன்."

"கிடார்ல பத்துல புள்ளி வைக்கிற ஆளு எத்தன பேரு இருப்பாங்க அண்ணாச்சி?"

கையில் இருந்த கிடாரைத் திரும்ப மாட்டினேன்.

"அன்னைக்குத் திருவிழாவுல தப்பு யாரு விரலு?"

திருவிழாக் கதை ஊருக்கே தெரியும். விரல் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

"என்னுது."

"அவருக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா தெரியும்?"

"உங்க விரலும் தப்பும்னு அந்தப் புள்ளி இப்பச் சொல்லியிருக்கும்" என்றார் மேஸ்திரி. உளியைத் தீட்டப் போனார்.

காத்திருந்தேன். வேறென்ன செய்வது? மணப்பாட்டுக்குப் பஸ் இருக்கிறது. இரண்டு தடவை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். கிடார் சுவரில் அடிபட்டு உடைந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். அவன் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துத் தப்பாக வாசித்துக்கொண்டிருப்பான் என்று இன்னொரு நாள் தோன்றும். எது மோசம் என்று சொல்ல முடியவில்லை. போன் வரவில்லை. மாலையில் டீ போட்டு, ஆற்றி, குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன். அதற்குமேல் அன்றைக்கு வேலை இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பட்டறைக்குப் போனபோது என் மேஜையில் ஒரு கிடார் உறை இருந்தது.

"காலையில ஷெர்லின் கொண்டுவந்தா" என்றார் மேஸ்திரி. "கம்பி மாத்தணுமாம். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, திருப்பி மாட்ட முடியாம சுத்தி வச்சிருக்காரு."

உறையைத் திறந்தேன். கிடார் முழுசாக இருந்தது. பலகையில் முதல் கட்டங்களில் விரல் தேய்ந்த தடம். வாசித்திருக்கிறான்.

பத்தாம் கட்டத்தில் என் புள்ளி அப்படியே இருந்தது. ஒன்பதாம் கட்டத்தில் இன்னொன்று. சிப்பி இல்லை, வெள்ளைப் பெயின்ட். வட்டமும் இல்லை. நடுக்கத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பர்னபாஸ் இடதுகைப் பழக்கக்காரன். எழுதுவது, சாப்பிடுவது, எல்லாம் அதில்தான். இதற்கும் அந்தக் கையைத்தான் எடுத்திருக்கிறான்.

"நல்லா வழிச்சிட்டு ஒன்பதுல சிப்பி வச்சிருதேன்" என்றேன். "பத்துல உள்ளத எடுத்துட்டு அடைச்சிருதேன்."

"கம்பி மட்டும் மாத்தணுமாம். வேற எதையும் தொடக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"உள்ள பாருங்க."

கம்பியில்லாத துளைக்குள் டார்ச் அடித்தேன். வெறுமையாக அனுப்பிய சீட்டில் பென்சில் எழுத்து, இரண்டு வரி. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கம்பியைக் கழற்றியது இதற்குத்தான். அந்தக் கையை உள்ளே விட்டு எழுதியிருக்கிறான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மேஸ்திரி.

"கண்ணாடி கொண்டு வரல."

"கண்ணாடி மூக்குமேலதான் இருக்கு."

"நீங்களே படிங்க மேஸ்திரி."

அவர் டார்ச்சை வாங்கிக் குனிந்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தார்.

"செய்தது, மாண்டலின்காரன் இஞ்ஞாசி. சரி செய்தது, பர்னபாஸ்."