முதல் பிரதி

இந்தக் கதையில் சிஷ்யைதான் வயதில் மூத்தவர். மரகதம், தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு தில்லைநாயகிக்குத் தலை இன்னும் நரைக்க ஆரம்பிக்கவில்லை. ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தார். மூத்தவர் இளையவரை டீச்சர் என்பார். இளையவர் மூத்தவரை அக்கா என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மரகதத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்தது. அதே சமயத்தில் நூலகத்தில் 'மகளிர் எழுத்தாளர் மாலை' என்று ஒரு விழா ஏற்பாடாயிற்று. ஊரில் எழுதும் பெண்களைப் பாராட்டுவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகம் நூலகத்துக்குக் கொடுப்பார்கள். பெண்கள் எழுதிய புத்தகங்களுக்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி திறப்பார்கள். அதோடு மரகதத்தின் புத்தகத்தையும் வெளியிட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

விழாவுக்கு முன்தினம் மரகதம் கேட்டார்.

"முதல் பிரதிய ஆருங்க டீச்சர் வாங்கோணும்?"

"நீங்க ஆர நெனச்சிருக்கீங்க?"

"அரிசி மில் சென்னியப்பன் ஐயாவ. பெரிய மனுசன் கைக்குப் போனா நாலு பேரு படிப்பாங்க. நாலு பேருகூட வேண்டாமுங்க. இத்தன வருசமா எழுதறேன். ஒருத்தராச்சும் முழுசாப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சரிங்க அக்கா," என்றார் டீச்சர்.

இவ்வளவுதானா என்று மரகதத்துக்கு இருந்தது. குரு என்றால் கொஞ்சமாவது மறுத்துப் பேச வேண்டாமா?

விழா நன்றாகத்தான் தொடங்கியது. பெண்கள் சமையலை முடித்தும் முடிக்காமலும் வந்தார்கள். எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்தார்கள். தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஆண்கள் வழக்கம்போல முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தில்லைநாயகி புத்தகத்தை வெளியிட, சென்னியப்பன் பெற்றுக்கொண்டார். பளபளப்புத் தாளைப் பிரித்து, அட்டை கேமராவுக்குத் தெரியும்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். நம் விழாக்களில் புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை அதுதான். அட்டைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பிறகு அவர் பேசினார்.

"இந்த நூலை நான் இன்னும் படிக்கவில்லை. ஆனாலும்..."

அந்த ஆனாலும் முடிய வெகுநேரம் ஆயிற்று. பெண் என்பவள் ஆறு என்றார். விளக்கு என்றார். பூமி என்றார். ஆறும் விளக்கும் பூமியுமாக இருந்தவர்கள் உலை வைக்க நேரமாகிவிட்டதென்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நூலகத்துக்கு மின்விசிறி வாங்கித் தருவதாக அவர் அறிவித்தபோது கைதட்ட முன்வரிசைதான் மிச்சம் இருந்தது.

எழுதியவரின் ஏற்புரை எப்போதும் கடைசியில்தான் வரும். கண்ணாடி முன்னால் நின்று பல நாள் பேசிப் பார்த்த பேச்சை மரகதம் காலி நாற்காலிகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கணவர் அதற்குள் வண்டியை எடுக்கப் போய்விட்டார். மகன் விழாப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

மேடையை ஒழிக்கும்போது, சென்னியப்பன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் முதல் பிரதி கிடந்தது. பொன்னாடையை அவர் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்.

மரகதத்துக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை அடக்கவும் இல்லை.

"ஆருக்குங்க டீச்சர் நான் எழுதுனேன்?"

தில்லைநாயகி அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நூலகரிடம் போனார்.

"இதுக்கு முத்திரை போட்டு எண் எழுதிக் குடுங்க சார்."

நூலகர் எழுதிக் கொடுத்தார். கூடவே கண்ணாடி அலமாரியின் சாவியையும் நீட்டினார். டீச்சர் சாவியை வாங்கவில்லை. நூலகர் மேசையின் ஓரத்தில், வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் இன்னும் அடுக்கப்படாமல் குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவில் அந்தப் பிரதியைச் செருகி வைத்தார்.

அந்த ஊரில் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் முதலில் துழாவுவது அந்தக் குவியலைத்தான். இன்னொருத்தர் எடுத்துப் போய்ப் படித்ததென்றால் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மரகதமே அப்படித்தான் எடுப்பார். ஆனால் இது அவருடைய புத்தகமாயிற்றே.

"அதெல்லாம் திரும்பி வந்த புத்தகமுங்க டீச்சர். இத இன்னும் ஆரும் எடுக்கவே இல்லையே."

"ஒருத்தரு எடுத்துட்டு, படிக்காமத் திருப்பிக் குடுத்துட்டாரு தானுங்களே."

நூலகர் சிரித்துவிட்டார். மரகதம் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவியலில் அந்தப் பிரதி இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கண்ணாடி அலமாரிக்குள் வைத்த இன்னொரு பிரதி மட்டும் வைத்த இடத்தில் புத்தம் புதிதாக நின்றது. எடுத்துப் போனது யார் என்று மரகதம் விசாரித்தார். ஒரு அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமாக வந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார் என்றார் நூலகர். ஓடுகிற அவசரத்தில் எடுத்ததா என்று மரகதத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சில வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. மரகதம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு முன்பே டீச்சரைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாருங்க டீச்சர், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சக் கைக் கறை. அதுகூடப் பரவால்லீங்க. இதப் பாருங்க."

நூலகப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிவைப்பது நம் வாசகர்களின் பழைய பழக்கம். அருமை என்பார்கள், சுமார் என்பார்கள். துப்பறியும் கதையில் கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கும் புண்ணியவான்களும் உண்டு. இங்கே கடைசிக் கதையின் கடைசி வரிக்குக் கீழே, ஓடும் பஸ்ஸில் எழுதியதுபோல் கோணலாக ஒரு கேள்வி இருந்தது.

'இத்தனையும் சொல்லிட்டு இவ ஏன் அங்கயே திரும்பிப் போனா?'

அந்தக் கதையில் ஒருத்தி கணவன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பல வருடம் மனதில் இருந்த காரணங்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வெளியேறுகிறாள். கடைசிப் பக்கத்தில், அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து திரும்பிவிடுகிறாள்.

"நூலகத்துப் புத்தகத்துல இப்படிக் கிறுக்கலாமுங்களா? ரப்பர் இருந்தாக் குடுங்க டீச்சர். அழிச்சுப்போடறேன்."

தில்லைநாயகி பையில் துழாவி ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அழிங்க. அதுக்கு முன்னால எனக்கு மட்டும் சொல்லுங்க. அவ ஏன் திரும்பிப் போனா?"

மரகதம் ரப்பரை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"உங்ககிட்டப் படிக்கக் குடுத்தப்ப அவ திரும்பலைங்க டீச்சர்."

"ஆமாங்க. நான் படிச்சப்ப அவ பஸ் ஏறிப் போயிட்டா."

"அச்சுக்குக் குடுக்கறப்பத்தான் மாத்துனேன்."

"ஏனுங்க?"

மரகதம் வாசல் பக்கம் பார்த்தார். வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு படிச்சா என்ன நெனப்பாருன்னு பயந்துட்டேங்க. என்னைப் பத்தித்தான் எழுதிருக்கேன்னு நெனச்சுட்டா? பையன் படிப்பான். மருமக படிப்பா. நாத்தனாரு வீட்டுல எல்லாரும் படிப்பாங்க. நாளைக்கு ஒரு விசேசத்துல அவிங்க மூஞ்சிய நான் பாக்கோணுமில்லீங்களா?"

டீச்சர், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"அவிங்கள்ல ஆராச்சும் படிச்சாங்களா அக்கா?"

மரகதம் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பரை டீச்சர் பக்கமே நகர்த்தி வைத்தார்.