ஒற்றை ஜாக்கி

"டீச்சர், இந்த வண்டிக்கு இன்னும் என்னதான் குறை?"

கேட்டது முத்திருளன். குரலில் பாதி கெஞ்சல், பாதி கோபம்.

சகாயராணி அந்தப் பழைய பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பானெட்டைத் திறக்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. திரும்பி வந்து அவனுடைய இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் கிரீஸ் துணியைச் சுற்றியிருந்தான். துணியையும் மீறி ரத்தம் கறுத்துப்போயிருந்தது.

"எப்ப ஆச்சு?"

"முந்தாநாளு. தகரம் கிழிச்சிருச்சு."

"ஊசி போட்டீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்க டீச்சர் நேரம்? நான் வண்டியைப் பத்திக் கேட்டேன்."

"நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முத்திருளனுக்கு எரிச்சலாக வந்தது. ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறவளிடம் போய்த் தொழில் கற்றுக்கொள்கிறோமே என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு ஐம்பது வயது. பாதி ஆயுளுக்கு மேல் அடுத்தவர்களின் லாரியை ஓட்டியவன். சொந்தமாக ஒரு வண்டி என்பது அவன் யாரிடமும் சொல்லாத ஆசை.

சகாயராணி அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு ஆசிரியை. அவன் இருக்கும் தெருவின் கடைசி வீடு. தெருவுக்கே டீச்சர். அவனுக்கும் டீச்சர்.

மூடிப்போன பஞ்சு மில்லுக்குப் பின்னால் அந்த பிக்கப் கிடந்தது. சீட்டில் கரையான் ஏறியிருந்தது. டேஷ்போர்டுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய காலி இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அவளிடம் போனான்.

"செலவு ரொம்ப இழுக்காத மெக்கானிக் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க டீச்சர்."

"இருக்காரே."

"எங்க?"

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் காட்டினாள்.

"நான் சொல்றேன். நீங்க செய்யுங்க. நான் வண்டியத் தொட மாட்டேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

அவன் செய்தான். மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிக் கோணியில் சுமந்து வந்தான். தன்னுடைய மொபெட்டை விற்று இன்ஜினுக்குப் பிஸ்டன் வாங்கினான். சமையல்கட்டின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவி வண்டிக்குப் போர்த்தினான். அதற்குப் பிறகு மழை பெய்தால் வண்டி நனையாது. சோற்றுப்பானை நனையும். அவனுடைய பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தில் பிரேக் ஆயில் வந்திருந்தது. இது அவன் மனைவி பேச்சிக்குத் தெரியாது.

ஒருநாள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து பார்த்தது. ஆனால் கியர் போட்டால் வண்டி உறுமியதே தவிர நகரவில்லை.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சு. கியர்பாக்ஸை இறக்கணும்" என்றாள் டீச்சர். "இறக்கறப்ப ஜாக்கிய நம்பக் கூடாது. ஐ.டி.ஐ.யில வண்டியத் தாங்குற ஸ்டாண்டு இருக்கு. கேட்டு சனிக்கிழமை கொண்டாரேன். அதுவரைக்கும் அடியில போகாதீங்க."

"சரி டீச்சர்."

மறுநாளே பூ மார்க்கெட்டிலிருந்து கமிஷன் கடைக்காரர் போன் செய்தார். தை பிறந்துவிட்டது, முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லோடு ஏற்ற வண்டி வேண்டும். வரவில்லை என்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறான்.

"வந்துரும் மொதலாளி" என்றான் முத்திருளன்.

போனை வைத்துவிட்டு, பஞ்சர் கடைக்குப் போய் ஜாக்கியை இரவல் கேட்டான்.

பழைய ஜாக்கி. கழுத்தில் ஆயில் கசிந்தது. உயரம் போதாமல் அடியில் ஒரு பலகைக் கல்லைப் போட்டு வைத்து, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். முன் சக்கரம் இரண்டும் டயர் மாற்றப் போயிருந்தன. மொட்டை பிரேக் டிரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

மதிய வெயில். பேச்சி வேறொரு மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் இல்லை.

மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தான்.

போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. வராததைக் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். இழுக்கும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது.

தலையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு கால்கள் வண்டிக்கு வெளியே நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு செருப்புகள் கழன்றன. ஒரு கைப்பை தரையில் உட்கார்ந்தது.

அடுத்து ஐ.டி.ஐ.யில் போடும் நீலக் கோட்டு ஒன்று மண்ணோடு மண்ணாக உள்ளே நகர்ந்து வந்தது.

"டீச்சர்!"

"ம்."

"என்ன டீச்சர் இது! வெளிய போங்க!"

"எத்தனை போல்ட்டு பாக்கி?"

"ரெண்டு. மொதல்ல நீங்க போங்க."

"மேலயா, கீழயா?"

"மேல. டீச்சர், ஆயிலு சொட்டுது. அழுக்கு."

"கோட்டுதானே. துவைச்சா போகுது."

மொட்டைமாடியில் காற்றுக்குப் படுத்தவள் போல இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்துவிட்டாள். அவள் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

முத்திருளனுக்கு வேர்த்தது.

"ஜாக்கி மட்டுந்தான் நிக்குது டீச்சர்."

"தெரியும்."

"அதுவும் கசியுது."

"வரும்போதே பாத்தேன்."

"பாத்துட்டா உள்ள வந்தீங்க?"

"நீங்களும் பாத்துட்டுத்தானே வந்தீங்க?"

ஜாக்கி 'டக்' என்றது. வண்டி ஒரு நூலளவு இறங்கியது. இவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் வந்திருக்கும். அவன் காதில் இப்போதுதான் விழுந்தது.

"டீச்சர், யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பாத்தா நல்லது. தூக்குறதுக்கு ஆள் வேணும்ல."

"விளையாடாதீங்க."

"விளையாடல."

குரல் லேசாக நடுங்கியது. அவளுக்கும் பயம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பயந்துகொண்டே படுத்திருக்கிறாள். அது அவனை இன்னும் கலக்கியது.

"கும்பிட்டுக் கேக்குறேன், போங்க. நான் வேற, நீங்க வேற."

"எப்படி வேற?"

"உங்களுக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளைக ரெண்டு இருக்கு."

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு."

"அதைக் கட்டிக் குடுத்தாச்சு. அது பாட்டுக்கு இருக்கு."

"பேச்சியக்கா?"

"அவளுக்கு மில்லு வேலை இருக்கு."

சகாயராணி தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனைப் பேச வைத்தது.

"நான் டிரைவர் டீச்சர். ஒரு டிரைவர் போனா இன்னொரு டிரைவர் வருவான்."

"யார் சொன்னா?"

"சொல்லணுமா என்ன? தும்கூர் பக்கம் ஒரு தடவ லாரி கவுந்து இடுப்பு எலும்பு போச்சு. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தேன். சன்னல்ல பாத்தா ரோடு தெரியும். ஒருநாள் காலையில என் லாரி போகுது. நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு முன்னால தொங்குது. உள்ள வேற ஒருத்தன்."

"கோவம் வந்துச்சா?"

யோசித்தான். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"இல்ல டீச்சர். பரவால்ல, வண்டிய நல்லாத்தான் ஓட்டுறான்னு நெனச்சேன்."

மேலிருந்து ஒரு சொட்டு ஆயில் அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"சரி, அந்த ரெண்டு போல்ட்டையும் முடிங்க."

"நீங்க போங்க. முடிக்கிறேன்."

"நான் இருக்கேன். முடிங்க."

ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் மாட்டினான். துருப்பிடித்த போல்ட். காலை உதைத்து, தோளைக் கொடுத்து இழுத்தால்தான் அசையும். காலை உதைக்க இடம் தேடினான். உதைத்தால் வண்டி ஆடும். ஆடினால்...

ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

கை இழுக்க மறுத்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன் இதே போல்ட்டுகளைச் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கழற்றியவன்தான். இப்போது ஸ்பேனரைப் பிடித்திருந்த விரல்கள் கல்லாகிவிட்டன. மறுபடி ஒருமுறை முயன்றான். மூச்சுத்தான் வந்தது.

ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்தான். அது ஏறி ஏறி இறங்கியது.

"டீச்சர்."

"ம்."

"முடியல டீச்சர்."

"அப்ப?"

"வாங்க, போயிருவோம்."

"நீங்க முன்னாடி போங்க."

"நீங்க போங்க டீச்சர். உங்க காலு வெளிய போனதப் பாத்தப்புறந்தான் நான் அசைவேன்."

அவள் மெதுவாக நகர்ந்தாள். கோட்டு மண்ணில் உரசும் சத்தம். தலை போனது, தோள் போனது, இடுப்பு போனது. ஜாக்கி இன்னொருமுறை 'டக்' என்றது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே உயர்த்தி கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்தான். தன்னால் தாங்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் பிடித்தான்.

கடைசியில் அவள் பாதமும் போனது.

பிறகுதான் அவன் ஸ்பேனரை மண்ணில் போட்டுவிட்டு மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான்.

எழுந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன டீச்சர் நெனச்சீங்க? ஏதாச்சும் ஆகியிருந்தா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவள் செருப்பில் காலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை முயன்றும் நுழையவில்லை. செருப்பை அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

"நீங்க பதில் சொல்ல இருந்திருப்பீங்களா?"

அவன் விடவில்லை.

"ஒண்ணும் ஆகலைல்ல? இவ்வளவு நேரம் நின்னுச்சுல்ல? ரெண்டே ரெண்டு போல்ட்டு டீச்சர். உங்களாலதான் போச்சு. ஞாயித்துக்கெழமைக்கு நான் எங்க போவேன்?"

"அந்த போல்ட்டை எப்படி இழுத்திருப்பீங்க?"

"எப்படின்னா?"

"எவ்வளவு பலமா? மட்கார்டுல கைய வச்சுக் காட்டுங்க."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் போனான். அவனே தேய்த்து, அவனே பட்டி பார்த்து, அவனே நீலம் அடித்த மட்கார்டு. அதில் இரண்டு கைகளையும் வைத்தான். காலை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினான். போல்ட்டுக்குக் கொடுத்திருக்கும் பலத்தில் பாதிகூட இருக்காது.

ஜாக்கி சாய்ந்தது.

பலகைக் கல் வழுக்கியது. வண்டியின் முன்பக்கம் அப்படியே தரையில் வந்து இறங்கியது. மில்லில் பாய்லர் வெடித்தது போல ஒரு சத்தம். காக்கைகள் கலைந்து பறந்தன. டிரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கின. புது ஹெட்லைட் சிதறியது. தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. புழுதி எழுந்து இருவரையும் மூடியது.

புழுதி அடங்கியபோது முத்திருளன் குனிந்து பார்த்தான். அவன் படுத்திருந்த இடத்தில் இப்போது ஒரு கையை நுழைக்கக்கூட இடமில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பேச்சி ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. டீச்சர் மேல் இடித்துக்கொண்டு வந்தாள். ஹெட்லைட் கண்ணாடி காலில் குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அவனுடைய தலையைத் தடவினாள். கழுத்தைத் தடவினாள். நெஞ்சில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்தாள். பிறகு பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட கையாலேயே அவன் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

அவன் அவளுக்குப் பின்னால் கிடந்த வண்டியைக் கைநீட்டிக் காட்டினான்.

"பேச்சி... வண்டி போச்சு, பேச்சி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்த வண்டி?" என்றாள்.