மழைக்கு ஒரு துண்டு

ஜெசிந்தா டீச்சருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த நல்லசிவத்துக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் திட்டம் போடும் வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர் அவர். தன்னைவிட இளையவரை டீச்சர் என்று கூப்பிட முதல் வாரம் கூச்சமாக இருந்தது. டீச்சர் எடுத்த முகங்களைப் பார்த்த பிறகு அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

டீச்சருக்கு ஸ்டுடியோ கிடையாது. எல்லாப் படமும் வெட்டவெளியில்தான். ஆடிச் சாரல் அடித்தாலும் வெட்டவெளியில்தான்.

அந்த ஆடியில் நல்லசிவத்துக்கு முதல் வேலையைக் கொடுத்தார்.

அக்காள் தங்கை இருவரைச் சேர்த்து ஒரு படம். மூத்தவர் சொர்ணத்தம்மாளுக்கு அறுபத்தைந்து, இளையவர் பிரமுவுக்கு அறுபது. ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. பிரமு தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் அக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். காரணம் அவ்வளவுதான்.

படம் எடுக்கும் நாளுக்கு மறுநாள் காலை ரயிலில் சொர்ணத்தம்மாள் மகனோடு இருக்க நாக்பூருக்குப் போகிறார். இனி ஊருக்கு வருவதாக இல்லை. "சித்தியும் நீயும் சேர்ந்து நிக்கிற படம் ஒன்னு கொண்டு வாம்மா" என்று மகன் கேட்டிருந்தான். அவனுக்காக இருவரும் சம்மதித்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிக்க மாட்டாராம். ஆகவே இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் குளத்தங்கரை. சாயங்காலம் நாலு மணி. அதைவிட்டால் வேறு நாள் இல்லை.

நல்லசிவம் ஒன்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டு வந்தார். தூறல் விழுந்தால் என்ன, மழை வலுத்தால் என்ன, காற்றும் சேர்ந்தால் என்ன என்று தனித்தனிக் கட்டங்கள்.

டீச்சர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"இதை வச்சு ஒரு அணையே கட்டலாம், சார். அந்த ரெண்டு பேரும் எந்தப் பக்கத்துல வாராங்க?"

நல்லசிவம் புரட்டினார். "ஏழாம் பக்கம். மூணாவது வரி."

"நபர்கள் இருவர்" என்று அங்கே எழுதியிருந்தது.

டீச்சர் நல்லசிவத்தின் பையைத் திறந்து பார்த்தார். கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை, இரண்டு குடை, நாலு ஈரிழைத் துண்டு.

"நாலு எதுக்கு?"

"அவங்க ரெண்டு பேர், நாம ரெண்டு பேர்."

டீச்சர் மூன்று துண்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"டீச்சர், மழை வந்தா?"

"வரும்."

"அப்ப குடையையும் எடுத்துரவா?"

"குடை இருக்கட்டும். அதைக் காத்து பாத்துக்கிடும்."

நல்லசிவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார்.

நாலு மணிக்குச் சகோதரிகள் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மருதமரத்தடியில் நிற்க வைத்தார் நல்லசிவம். இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகலாம். தூறல் போட்டது. ஒரே குடைக்குள் வருவார்கள் என்று ஒரு குடையை விரித்து நீட்டினார். சொர்ணத்தம்மாள் வாங்கிக்கொண்டார். பிரமு பைக்குள் கைவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா."

"அவுகளை நகரச் சொல்லுங்க. குடை இடிக்கி" என்றார் பிரமு.

"நான் நிக்க எடத்துலதான் நிக்கேன்னு சொல்லுங்க, சார்."

நல்லசிவம் இருவருக்கும் நடுவே தபால்காரர் ஆனார். அக்காவின் பேச்சைத் தங்கைக்கும் தங்கையின் பேச்சை அக்காவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். கேமராவுக்குள் இரண்டு கறுப்புக் குடைகள் தெரிந்தன. முகம் தெரியவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தார். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. இரண்டு குடையும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி மடங்கின. பின்னாலேயே மழை. மருதமரம் எவ்வளவு தாங்கும்? கண்மூடித் திறப்பதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். வந்த வேகத்தில் மழை குளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

டீச்சர் துண்டை எடுத்து நல்லசிவத்திடம் கொடுத்தார். நல்லசிவம் அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் நீட்டினார்.

"அவுகளுக்குக் குடுங்க. வயசானவுக" என்றார் பிரமு.

"எனக்கு ஒன்னும் வேண்டாம். அவளுக்குத்தான் சின்னதுலயிருந்து சளி."

துண்டு அந்தரத்தில் தொங்கியது. இருவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. பிரமு தும்மினார். இன்னொரு முறை தும்மினார்.

சொர்ணத்தம்மாள் துண்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏட்டி, குனி."

பிரமு குனிந்தார். அறுபது வயசுத் தலையை அஞ்சு வயசுத் தலையைப் போல அழுத்தித் துவட்டினார் அக்கா.

"மெதுவாக்கா. கழுத்து ஒடிஞ்சிரும்."

"ஒடியட்டும். தபால்ல பத்திரிக அனுப்புன கழுத்துதான."

துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகை போல இருந்தது. பிறகு சிரிப்பு என்று தெரிந்தது. நல்லசிவம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றார் டீச்சர் மெல்ல, "கேமரா உங்க கழுத்துலதான் இருக்கு."

நல்லசிவம் கேமரா உறையைக் கிழித்தே எறிந்தார். எடுத்தார். பிரமு அதே ஈரத் துண்டை வாங்கி அக்காவின் நரைத்த தலையைத் துவட்டியபோது இன்னொன்று எடுத்தார்.

பிறகு இருவரும் வந்து கேமராத் திரையில் எட்டிப் பார்த்தார்கள்.

"என் மூஞ்சியே தெரியலையே" என்றார் பிரமு.

"என் மூஞ்சி தெரியுதுல்லா, அது போதும்" என்றார் அக்கா.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போக்கா."

"சீனியை அள்ளிக் கொட்டிராத."

இருவரும் பிரமுவின் வீட்டுப் பக்கமாக நடந்தார்கள். துண்டைத் திருப்பித் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

டீச்சர் வளைந்த குடைக்கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். நல்லசிவம் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரோடு பக்கத்தில் வந்து நின்றார். ஒன்பது பக்கமும் சட்டைப்பையில் கூழாகிக் கிடந்தன.

"டீச்சர், மழை வரும்னு உங்களுக்கும் தெரியும். நான் நாலு துண்டு வச்சிருந்தேனே. ஏன் எடுத்தீங்க?"

"நாலு இருந்தா," என்றார் டீச்சர், "ஆளுக்கு ஒன்னு எடுத்துத் துவட்டியிருப்பாங்க."