கத்தரிப்பூ நிறக் கடுக்கன்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், ஓந்தியும் ஓணானும் பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில், மணிபுரம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே வடிவாம்பாள் என்று ஒருத்தி. அவள் புருஷன் ஆவுடையப்பன் நகை செய்கிற ஆசாரி. அவன் பொன்னைத் தட்டுவான், அவள் கல் பதிப்பாள்.

ஊருக்கு மேற்கே ஒரு மலை. மலை முழுக்கக் காக்காப்பொன், தகடு தகடாக உரிகிற அப்பிரகம். அதிலே கத்தரிப்பூ நிறத்தில், இதழ்மேல் இதழாக, மினுமினு என்று ஒரு கல் விளையும். மலைக்குச் சொந்தக்காரன் கொடுமுடியன் என்கிற மந்திரவாதி. வயசு முன்னூறு. இரண்டு காதும் வெறுங்காது. அந்தக் கல்லில் ஒரு ஜோடி கடுக்கன் போடணும் என்று அவனுக்குத் தீராத ஆசை. செய்யப் போன ஆசாரிகள் எல்லாரும் கல்லை உடைத்தார்கள். உடைத்தவர்களை ஓணானாக்கி ஆலமரத்தில் ஏற்றிவிட்டான். ஆவுடையப்பனும் போனான், போனவன் திரும்பவில்லை.

நாலாம் நாள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பட்டறைச் சாமானையும் கொஞ்சம் தங்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வடிவாம்பாள் மலையேறினாள். ஆலமரத்தில் ஐம்பது ஓணான்.

"அடியே, வந்துட்டியா? நான்தான்," என்றது ஒன்று.

அவள் உற்றுப் பார்த்தாள். "சுத்தியலால தட்டினீங்களா?"

"லேசாத்தான் தட்டினேன்."

"லேசா தட்டினதுக்கா இம்மாம்பெரிய வால்?"

மற்ற ஓணான்கள் சிரித்தன. அதற்குள் கொடுமுடியன் வந்துவிட்டான். கல் குவியலைக் காட்டினான்.

"மூணு கல் எடுத்துக்க. நாலாவது கிடையாது. பொழுது சாயறதுக்குள்ள ஜோடிக் கடுக்கன் வேணும். கீறல் விழக்கூடாது, செதில் உதிரக்கூடாது, நிறம் மங்கக்கூடாது. செஞ்சுட்டா உன் புருஷன் உனக்கு. தவறிட்டா ரெண்டு பேருக்கும் ஒரே கிளை."

வடிவாம்பாள் அதிகம் மின்னிய கல்லை எடுத்தாள். வழக்கம்போல அரக்கைச் சூடாக்கி, கல் உட்காருகிற தங்கக் குழியில் ஊற்றி, கல்லை வைத்தாள். சூடு பட்டதும் கல் உப்பியது, இதழ் பிரிந்தது, பொலபொல என்று உதிர்ந்தது.

"ஆச்சா?" என்றான் கொடுமுடியன்.

"ஆகலை."

ஒரு கல் போச்சு. இனி இரண்டு காதுக்கு இரண்டே கல். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கல்லாக வெயிலில் பிடித்து, பக்கவாட்டில் பார்த்தாள். இதழ் செங்குத்தாக நின்றதைத் தள்ளினாள். ஓரம் பிரிந்ததைத் தள்ளினாள். மினுக்கு குறைவானாலும், இதழ் படுக்கையாக ஒட்டிக்கிடந்த இரண்டை எடுத்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"ஆச்சா?"

"ஆகலை."

எடுத்தாகிவிட்டது, பதிப்பது எப்படி? குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரிதான், என்று நினைத்தாள். கையைப் பிடித்துச் சட்டைக்குள் திணித்தால் பிள்ளை கத்தும். சட்டையைச் சுருட்டிக் கைக்குக் கொண்டுபோகணும்.

தேன்மெழுகில் கல் மாதிரியே இரண்டு உருண்டை பிடித்தாள். மெழுகின் அளவுக்குத் தங்கத்தில் கூடு வளைத்தாள். நெருப்பு வேலை, சுத்தியல் வேலை, மெருகு வேலை, எல்லாம் வெறுங்கூட்டிலேயே முடிந்தது. கூடு ஆறிய பிறகு அடியில் கொஞ்சம் சூடு காட்டாத மெழுகை அப்பி, கல்லைப் படுக்கவைத்தாள். மெல்லிய தங்க ஓரத்தை, நகம் படாமல், கட்டைவிரல் சதையால் தடவித் தடவிக் கல்மேல் மடித்தாள். மரத்தில் ஒரு வாலும் அசையவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு. போட்டுப் பாருங்க."

கொடுமுடியன் போட்டுக்கொண்டு சுனையில் எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான். பல் தெரியச் சிரித்தபடி கையைச் சொடுக்கினான். ஆவுடையப்பன் தொப்பென்று கீழே விழுந்தான்.

"மத்தவங்க?" என்றாள்.

"அவனுங்க என் கல்லை உடைச்சவனுங்க."

"நானும்தான் ஒண்ணு உடைச்சேன். சரி, உங்க இஷ்டம். இந்தக் கடுக்கனை எப்படிப் பாதுகாக்கணும்னு நானும் சொல்ல மாட்டேன். நாளைக்கே உதிர்ந்தா என்னைக் கூப்பிடாதீங்க."

கொடுமுடியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "ஏ ஏ, இரு!" பட் பட்டென்று சொடுக்கினான். நாற்பத்தொன்பது ஆசாரிகளும் பழம் உதிர்வதுபோல விழுந்தார்கள்.

"குளிக்கும்போது கழட்டி வைங்க. தண்ணி பட்டா இதழ் பிரியும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு இறங்கினாள். பால் கட்டி மார் வலித்தது, அதனால் வேகமாக நடந்தாள்.

கொடுமுடியனுக்குக் கடுக்கனைக் கழட்ட மனசு வரவில்லை. அதனால் குளிப்பதை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் மலையிறங்கினால் மூன்று காதம் முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனங்கள் கதவடைத்துவிடுவார்கள். ஒருத்தரும் அவன் கையில் சிக்கவில்லை, எல்லாரும் மனுஷராகவே வாழ்ந்தார்கள்.