ஏழாவது வளைவில் பனி

குருவம்மாளுக்கு இருபத்தேழு வயது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அலுவலகத்தில் அவள் பெயரைப் பாதியாக நறுக்கி 'குரு' என்றே கூப்பிட்டார்கள். பெயர் அப்படி அமைந்த பிறகு சீடர் ஒருவர் வந்து சேராமல் இருப்பாரா? சேர்ந்தார். சீடருக்கு வயது நாற்பத்தாறு. காதோரம் நரை.

சிங்கராயர் பதினெட்டு வருஷம் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்தவர். அங்கே திரையில் ஒரு நொடி ஓடும் வெள்ளத்துக்கு ஒரு வாரம் உட்காரலாம். இங்கே, பீளமேட்டில் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த இந்த இரண்டாம் மாடி வீடியோ கேம் அலுவலகத்தில், ஒரு நொடிக்கான முப்பது படங்களையும் அந்த நொடிக்குள்ளேயே மெஷின் வரைந்து முடிக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் தன் மகள் வயதுக்காரியிடம் வந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. வேறு விஷயங்களில் கொஞ்சம் கர்வம் உண்டு. முக்கியமாகத் தன் கண்ணைப் பற்றி.

அவர்கள் செய்துகொண்டிருந்தது மலைப்பாதையில் பஸ் ஓட்டும் விளையாட்டு. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, மழை, மூடுபனி. டிவியில் மாட்டி விளையாடும் இரண்டு கன்சோல்களுக்கு வெளியிடத் திட்டம். ஒன்று போன வருஷம் வந்த புது மெஷின். இன்னொன்று பத்து வருஷப் பழைய மெஷின். பழையதற்கான வேலை முழுக்க, குருவோடு வேலை பார்க்கும் நூருன்னிசாவுடையது. அவள் பதினாலு மாதமாக அந்த மலையைச் செதுக்கிச் செதுக்கி அதற்குள் அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், சிங்கராயர் நான்கு பக்கத் தாளோடு குருவின் மேஜைக்கு வந்தார்.

"குரு, ஒரு சந்தேகம். தரம் எந்த அளவுக்குக் கீழ போனா ஒரு வேலையத் தூக்கிப் போடணும்?"

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க அண்ணாச்சி?"

"மூணு நாளா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். புதுசுல மூணு குறை. பழசுல நாப்பத்தொண்ணு. நாலு மணி மீட்டிங்ல எம்.டி. கேப்பாரு. பழசை நிறுத்திரலாம்னு சொல்லப்போறேன்."

அடுத்த மேஜையில் நூருன்னிசாவின் நாற்காலி திரும்பியது.

"நிறுத்திரலாம்னு நீங்க எப்படிங்கண்ணா சொல்லுவீங்க?"

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ உழைக்கலன்னு நான் சொல்லல. அந்த மெஷினுக்கு வயசாயிருச்சு."

"உங்களுக்குக் கூடத்தான் வயசாயிருச்சு. உங்களை நிறுத்தீட்டாங்களா?"

சிங்கராயர் சிரித்தார். நூருன்னிசா சிரிக்கவில்லை.

"இந்த ஊர்ல எத்தனை வீட்ல புது மெஷின் இருக்கு, சொல்லுங்கண்ணா. பாதிப் பேருகிட்ட இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழசு. அவங்க விளையாட வேண்டாமா?"

"விளையாடட்டும். ஆனா அசிங்கமான ஒண்ணை எதுக்குக் குடுக்கணும்?"

அசிங்கம். பதினாலு மாதத்துக்கு ஒரே சொல்லில் விடை. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று யார் உரிமை கொடுத்தார்கள்? அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நூருன்னிசா கேட்க வாயெடுத்தாள். குரு கையைக் காட்டி நிறுத்தினாள்.

குரு தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வரியில் அவள் விரல் நின்றது.

"மரக்கிளை நிழல் மங்கலா இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ரோட்டு மேல விழற நிழல். அழிச்சு அழிச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு."

"பழசுலயா?"

"பழசுலதான்."

"நூரு, உன் வெர்ஷன்ல மரத்துக்கு நிழல் இருக்கா?"

"இல்லீங்கக்கா. மெஷின் தாங்கலன்னு எடுத்து ஆறு மாசம் ஆச்சு."

சிங்கராயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லாத நிழலை நான் எப்படிப் பாத்தேன்?"

குரு எழுந்து சோதனை அறைக்கு நடந்தாள். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

அறையில் ஒரே மாதிரி இரண்டு டிவி. இரண்டிலும் பஸ் தானாகவே மலை ஏறிக்கொண்டிருந்தது. பதிவு செய்துவைத்த ஓட்டம். இடது டிவியின் நெற்றியில் ஒட்டியிருந்த காகித டேப்பில் 'பழசு' என்று எழுதியிருந்தது. வலது டிவியில் 'புதுசு'. மெஷின்கள் இரண்டும் சூடாகாமல் இருக்க ஏசிக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள் இருந்தன.

"அண்ணாச்சி, 'பழசு'ன்னு இருக்கற டிவி வயரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. விட்றாதீங்க."

சிங்கராயர் குனிந்தார். டிவிக்குப் பின்னாலிருந்து, மேஜைக்கு அடியில், சுவரோரமாக வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அலமாரிக் கதவைத் திறந்தார். வயர் முடிந்த இடத்தில் அவர் கை நின்றுவிட்டது.

அது புது மெஷின்.

அவர் வயரை மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஏசி கிளீன் பண்ண வந்தவரு எல்லாத்தையும் கழட்டி மாட்டுனாரு," என்றாள் நூருன்னிசா மெதுவாக.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள். நாற்பத்தோரு குறை.

"அப்போ நான் எழுதுனதெல்லாம் புதுசைப் பத்தி," என்றார் சிங்கராயர்.

"ஆமா."

"அப்போ புதுசைத்தான் நிறுத்தணுமா?"

"எழுதுனது நீங்கதான அண்ணாச்சி."

அவர் இடது டிவியை மறுபடி பார்த்தார். ஏழாவது வளைவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அழுக்குப் பஞ்சு மாதிரி என்று நான்காவது வரியில் எழுதியிருந்தார்.

"இல்ல குரு, இது அழுக்குப் பஞ்சு இல்ல. அடர்த்தி. மலைப்பனி இப்படித்தான் திட்டுத்திட்டா இருக்கும். நெசமான பனியே இப்படித்தான்..."

பேச்சு பாதியில் நின்றது. தன் வாய் சொன்னதைத் தன் காது கேட்டுவிட்டது. அவர் வலது டிவியைப் பார்த்தார். காலையில்கூட பளிச்சென்று இருந்த ரோடு, இப்போது வெறும் பிளாஸ்டிக் தகடு மாதிரி தெரிந்தது. வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டதைத் தவிர, இந்த ஐந்து நிமிடத்தில் எதுவுமே மாறவில்லை.

அவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பதினெட்டு வருஷம் இந்தக் கண்ணை வச்சுத்தான் சாப்பிட்டேன் குரு."

குரு இரண்டு டேப்பையும் உரித்தாள். அலமாரிக்குள் தலையை விட்டு வயர்களைக் கழற்றி மாட்டினாள். மாற்றினாளா, பழையபடியே மாட்டினாளா என்று அவருக்குத் தெரியாதபடி கதவைச் சாத்தினாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்து நீட்டினாள்.

"ஓட்டுங்க."

"நானா?"

"மூணு நாள்ல ஒரு தடவையாவது ஓட்டுனீங்களா?"

சிங்கராயர் கன்ட்ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் யாரும் படத்தை ஓட்டுவதில்லை. பார்ப்பார்கள். அவரும் பார்த்தார். யாரோ எப்போதோ ஓட்டிப் பதிவு செய்ததை, மூன்று நாள், கையைக் கட்டிக்கொண்டு.

"இல்ல," என்றார்.

நூருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். சண்டைக்கு வந்தவளுக்கு இப்போது சண்டை போடவும் தோன்றவில்லை.

முதலில் இடது டிவியில் ஓட்டினார். ஆறு வளைவு தாண்டினார். ஏழாவதில் ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் ஒரு கணம் யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் பள்ளத்தில் கிடந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் பள்ளம். மூன்றாவது தடவை முன்கூட்டியே ஒடித்தார். பஸ் பாறையில் மோதியது.

"நான் திருப்புனேன். அது கேக்கல," என்றார்.

"அதுல ஓட்டிப் பாருங்க."

வலது டிவியில் ஏழாவது வளைவு வந்தது. ஒடித்தார். பஸ் திரும்பியது. எட்டு, ஒன்பது, பத்து. அவர் உடம்பும் ஸ்டூலில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பதினான்காவது வளைவு தாண்டி மலை உச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"நூரு, இது உன்னோடதா?"

"நீங்கதான் கண்ணை வச்சு சாப்பிட்டவரு. நீங்களே சொல்லுங்கண்ணா," என்றாள் அவள். குரலில் பழைய சூடு கொஞ்சம் திரும்பியிருந்தது.

அவர் அலமாரியைப் பார்த்தார். எழுந்து போய்த் திறக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் குரு, "ஏழாவது வளைவுல பனி எப்படி இருந்துச்சு?"

"எதுல?"

"எதுலயாச்சும்."

சிங்கராயர் யோசித்தார். பள்ளம் ஞாபகம் இருந்தது. பாறை ஞாபகம் இருந்தது. கட்டை விரலில் அந்த அழுத்தம் இன்னும் இருந்தது. பனி இருந்ததா என்றே சொல்ல முடியவில்லை.

வாசலில் எம்.டி. எட்டிப் பார்த்தார்.

"சிங்கராயர் சார், நாலாகப் போகுது. ரிப்போர்ட் ரெடிதானே? பழசைத் தூக்கிரலாமா?"

சிங்கராயரின் ஒரு கையில் நான்கு பக்கத் தாள். இன்னொரு கையில் கன்ட்ரோலர். எம்.டி.யைப் பார்த்தார், நூருன்னிசாவைப் பார்த்தார். கடைசியில் குருவிடம் குனிந்து கேட்டார்.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"அவரை இங்கயே உக்காரச் சொல்லுங்க. நாப்பத்தொரு குறையையும் ஒண்ணு விடாமப் படிச்சுக் காட்டுங்க," என்றாள் குரு. "அவர் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது படிங்க."