பொட்டு வைத்த பிரிட்ஜ்

எங்கள் மாசிலாமணி அண்ணன் பொய் சொல்ல மாட்டார். நடந்ததைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வார், அவ்வளவுதான். நடக்காததையும் நீட்டித்தான் சொல்வார்.

நாங்கள் இரண்டு பேரும் வளசரவாக்கத்தில் ஒரு கேரவன் கம்பெனியில் டிரைவர்கள். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் மேக்கப் போடவும் படுக்கவும் வாடகைக்குப் போகும் வண்டிகள் அவை. கட்டில், கண்ணாடி, பாத்ரூம், ஒரு குட்டி பிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். சினிமாக்காரர்களுக்குள் ஏதோ தகராறு, ஆயுத பூஜைக்கு மறுநாளே ஷூட்டிங் நின்றுவிட்டது. நாலு மாதம் வண்டிகள் ஷெட்டில் கிடந்தன, நாங்கள் வீட்டில் கிடந்தோம். இப்போதுதான் முதல் வேலை வந்திருக்கிறது. கொடைக்கானலில் நாற்பது நாள், ஒரே ஒரு வண்டி. முன்பு ஒரு கதாநாயகி எங்கள் பிரிட்ஜைத் திறந்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டதால், முதலாளி ரமணி மேடம் ஒரே நிபந்தனை வைத்தார்: "பதினோரு மணிக்கு வர்றேன். யார் பிரிட்ஜ் சுத்தமா இருக்கோ அவங்க போகட்டும்."

நாலு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்தவனுக்குத்தான் கொடைக்கானலின் அருமை தெரியும். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு அந்த டிரிப் வேண்டும். அண்ணனுக்கும் வேண்டும். அவர் காலையிலேயே மப்ளர் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பத்து மணிக்கு பிரிட்ஜ் மெக்கானிக் ஜாகிர் வந்து என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நான் ஒரு பழைய ரப்பர் செருப்பைச் சொருகியிருந்தேன்.

"கரெக்ட் பெஞ்சமின். கரண்ட் இல்லாம போட்டு வைக்கிற பிரிட்ஜை மூடவே கூடாது. உள்ள காத்து போகணும்."

அண்ணன் சிரித்தார். "செருப்பு வச்ச பிரிட்ஜுல எந்த ஹீரோயின்பா ஜூஸ் வைப்பாங்க? நான் மூடித்தான் வச்சிருக்கேன். ஆயுத பூஜை அன்னிக்கு வச்ச பொட்டு, பாதி கதவுல, பாதி சட்டத்துல இருக்கு. தொறந்தா பொட்டு ரெண்டாயிடும். நல்ல நேரம் பாத்துத்தான் தொறக்கணும்."

"நாலு மாசமாவா?"

"நாப்பது வருசம் மூடினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது ஜாகிரு. எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கேன். ஒரு கிருமி உள்ள போச்சு. வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சு, மாவுக்கட்டோட வெளிய வந்ததை நானே பாத்தேன்."

"மூடின பிரிட்ஜுல அது எப்படிண்ணே போச்சு, வந்துச்சு?" என்று கேட்டார் ஜாகிர்.

"தொடைக்கும்போதுப்பா. குறுக்க பேசாத. வண்டி சாஞ்சு நின்னா இந்த பிரிட்ஜ் கூலிங் ஆகாது, தெரியும்ல? நான் ஜாக்கி வச்சு நிறுத்தினா, உள்ள இருக்கிற தம்ளர் தண்ணிக்கு எந்தப் பக்கம் சாயுறதுன்னே தெரியாது. பக்கத்துத் தெரு மேஸ்திரி ரசமட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு, என் ஐஸ் டிரேயை வாங்கிட்டுப் போயித்தான் மூணு மாடி கட்டினாரு."

"டிரேயைத் திருப்பிக் கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"எங்க கொடுக்கிறது? அது மேலதான் மொட்டை மாடி நிக்குது. அதை விடு. ராமநாதபுரத்துல கத்திரி வெயில்ல ஷூட்டிங். பிரிட்ஜ் கதவை ரெண்டு விரக்கடை தொறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா ஊரே வெள்ளையா கெடக்கு. கருவேல மரமெல்லாம் பனி. டைரக்டர் என் கையைப் பிடிச்சு அழுறாரு, காஷ்மீர் டிக்கெட்டையெல்லாம் கேன்சல் பண்ணிட்டேன் மாசின்னு. அன்னிக்கு ஆடுங்களுக்கு மொளச்ச ரோமத்தை இன்னும் வெட்டி முடிக்கல."

"எனக்கு ராமநாதபுரம்தான்ணே," என்றார் ஜாகிர். "நான் பனி எதையும் பாக்கலையே."

அண்ணன் கொஞ்சம்கூட அசரவில்லை. "நீ போர்வைக்குள்ள இருந்திருப்ப. ஊரே அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். அது அவருக்கு இன்னும் தெம்பு கொடுத்துவிட்டது.

"கெடாம வைக்கிறது எல்லா பிரிட்ஜும் செய்யும். என்னுது பின்னாடி கொண்டுபோகும். தோசை வச்சா மறுநாள் மாவு. இன்னொரு நாள் விட்டா அரிசி தனியா, உளுந்து தனியா. ஒரு தடவை வஞ்சிர மீன் வறுவல் வச்சேன். காலையில மசாலாவைக் கழுவிட்டு ஐஸ் டிரேயில நீந்துது. தயிர் வச்சா பாலாயிடும். அதுக்கு மேல விட எனக்கே பயம். மாடு வந்து நின்னா வண்டியில கட்ட எடமில்ல."

"அதெல்லாம் சரிண்ணே. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி உள்ள இருந்ததையெல்லாம் வெளிய எடுத்தீங்களா?" என்று கேட்டார் ஜாகிர்.

"என் கதவு ரப்பர் இருக்கே, உள்ள ஒரு எறும்பு மூச்சு விட்டாக்கூட வெளிய வராது," என்றார் அண்ணன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சொல்லி முடித்தபோது அவருக்கே அது தெரிந்துவிட்டது. மப்ளரைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "பெஞ்சமினு, ஆயுத பூஜை அன்னிக்கு சுண்டல் மிஞ்சுச்சே. அதை யாருகிட்ட கொடுத்தோம்?"

"நீங்கதானே, நாளைக்கு ஆகும்னு தூக்கோட எடுத்துட்டுப் போனீங்க."

அப்போது மேடத்தின் கார் உள்ளே வந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. மேடம் என் பிரிட்ஜைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அண்ணன் வண்டியில் ஏறினார்.

"இப்ப ராகு காலம் மேடம்."

"இன்னிக்கு வியாழக்கிழமை மாசிலாமணி. ஒன்றரைக்குத்தான் ராகு காலம்."

மேடம் கதவை இழுத்தார். பொட்டு இரண்டானது.

முதலில் மேடம் இறங்கினார், படியில் கால் வைக்காமலே. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார். ஜாகிர் மட்டும் சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். எவர்சில்வர் தூக்கில் சுண்டல் இருந்தது. அதற்குத் தாடி முளைத்திருந்தது.

"இது பின்னாடி போகலண்ணே. ரொம்ப முன்னாடி போயிருக்கு."

அண்ணன் நிமிர்ந்து நின்றார். "மேடம், ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு நாத்தம். நாலு மாசமா ஒரு துளி வெளிய வந்துச்சா? அதான் மேடம் என் பிரிட்ஜ்."

மேடம் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே பேசினார். "அடைச்சு வச்சது நீங்க. நீங்களே கழுவுங்க. பெஞ்சமின் கெளம்பட்டும்."

நான் பிற்பகல் வண்டியை எடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் அண்ணனின் கேரவன் எல்லா ஜன்னலும் திறந்து நின்றது. அண்ணன் அரை டஜன் எலுமிச்சம்பழத்தோடு வெறுங்காலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் கதவில் அவருடைய புதுச் செருப்பு சொருகியிருந்தது. படியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். மப்ளரை அவிழ்த்து என்னிடம் நீட்டினார் அண்ணன். "போட்டுக்கோப்பா, அங்க குளிரும்," என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேனிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இது சாதாரண நாத்தம்னு நெனைக்காத. இங்கேருந்து கெளம்பி போரூர் வரைக்கும் போச்சு. சிகப்பு விழுந்துடுச்சுன்னு சிக்னல்ல நின்னு, பச்சை வந்தப்புறம்தான் நகந்துச்சு."

"தெரியும்ண்ணே," என்றார் வாட்ச்மேன். "சிக்னல்ல அதுக்கு முன்னாடி ஓடி வந்து நின்னது நான்தான்."